எல்லாருக்கும் முதல் தாள் வந்த கதை



2012 செட் பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். லினக்ஸ் செய்முறைத் தேர்வுக்கு நான்கு வினாத்தாள்கள். யாருக்கு எது என்று குலுக்கிப் போட ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தேன். பல வருடம் ஒழுங்காக ஓடியது. அந்த வருடம் மட்டும் எல்லாருக்கும் முதல் தாளே வந்தது. அதை ஓட்டிய மாணவனை, "எதையோ மாற்றிவிட்டாய்" என்று அத்தனை பேர் முன்னால் திட்டினேன். அவன் எதையும் தொடவில்லை.

வினை 'ரேண்டம்' என்ற மாறியில் இருந்தது. நாம் மதிப்பு எதுவும் கொடுக்காமலே, கேட்கும்போதெல்லாம் 0 முதல் 32767 வரை ஏதோ ஒரு எண்ணை ஷெல்லே தரும். ஆனால் எந்த ஷெல்?

1979ல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் வந்தது. கட்டளைப் பெயர் 'எஸ்ஹெச்'. அதில் ரேண்டம் கிடையாது. அதே பெல் ஆய்வகத்தில் டேவிட் கார்ன் பிறகு எழுதிய ஷெல்லில் அது வந்தது. பிரையன் ஃபாக்ஸ் 1989ல் வெளியிட்ட பாஷும் அந்த வழியில் போனது. போசிக்ஸ் தரம் எழுதியவர்களோ அதைச் சேர்க்கவில்லை.

ரெட்ஹாட் லினக்ஸில் எஸ்ஹெச் என்று கூப்பிட்டாலும் வருவது பாஷ்தான். நானும் வித்தியாசம் பார்க்காமலே பாடம் நடத்தினேன். உபுண்டு 2006 அக்டோபரில், கணினி சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று, அந்தப் பெயரை 'டேஷ்' என்ற சின்ன ஷெல்லுக்குக் கொடுத்துவிட்டது. டேஷில் ரேண்டம் இல்லை. எங்கள் லேபில் உபுண்டு ஏறியது தேர்வுக்கு முந்தைய மாதம்!

தெரியாத மாறி என்றால் பிழை காட்டலாமே? காட்டாது. மதிப்பில்லாததைக் கணக்கில் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். பூஜ்யத்தை நாலால் வகுத்தால் மீதி பூஜ்யம், ஒன்றைக் கூட்டினால் ஒன்று. ஆகவே முதல் தாள். (பாஷும் லேசுப்பட்டதல்ல. அங்கே ரேண்டத்தை ஒருமுறை 'அன்செட்' செய்தால், பிறகு அது வெறும் சாதாரண மாறி.)

ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷ் என்றுதான் எழுதியிருந்தேன். ஆனால் எஸ்ஹெச் என்று தட்டிக் கோப்பின் பெயரைக் கொடுத்தால், அந்த வரியை யாரும் மதிப்பதில்லை. அப்படித் தட்டச் சொல்லிக் கரும்பலகையில் எழுதிப்போட்டவனும் நான்தான். இது எனக்குப் பிடிபட ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் தேர்வு முடிந்து, பையன் ஊருக்குப் போய்விட்டான்.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். அன்றைக்குத் தப்பு என்னுடையது. மன்னித்துக்கொள்.