குவளைக்குள் வந்த குளிர்

விதர்ப்ப நாட்டு வேனில் எத்தகையது என்பதை இம்மலரைக் கையில் ஏந்தும் நாகபுரித் தமிழன்பர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வெயில் 45 பாகையைத் தாண்டும் மே மாதத்தில், ஜி.டி. வண்டியிலிருந்து இறங்கும் உறவினர் நடைமேடையிலேயே கேட்பது தண்ணீர். இல்லம் வந்து சேர்ந்ததும் கேட்பது எலுமிச்சைச் சாறு. இந்நாளில் நம் மகளிர் அச்சாற்றோடு மாம்பழமும் இனிப்புப் பாலும் பனிக்கட்டியும் கூட்டி, பாலேடு படர்ந்தாற்போன்ற ஒரு பானம் செய்து தருகின்றனர். அதைப் பருகி முடிக்கச் சில நொடிகள் போதும். ஆனால் அக்குவளைக்குள் அப்பொருள்கள் வந்து சேர்வதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. யார் குளிர்ந்த நீரைப் பருகலாம், யார் பருகலாகாது என்ற வழக்கும் அதனூடே நடந்தது. அதனையே இங்கு ஒருவாறு கூற விழைகிறேன்.

எலுமிச்சையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது நம் வீட்டுப் பிள்ளை. எலுமிச்சை, நாரத்தை, கமலா ஆகிய இனங்களின் மூதாதை இமயத்தின் தென்கிழக்கு அடிவாரத்தில் தோன்றியது என்று தாவர நூலார் கூறுகின்றனர். அங்கிருந்து பாரசீகம், அரபு நாடுகள் வழியே அது மேற்கே சென்றது. இராமநவமியன்று வெல்லமும் சுக்கும் ஏலமும் எலுமிச்சையும் கூட்டிப் பானகம் வழங்குகிறோம், நீர்மோர் தருகிறோம். தண்ணீர்ப்பந்தல் வைப்பதற்கு நிலமும் பொன்னும் விட்ட செய்தி சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே காணப்படுகிறது. அன்றைய குளிர்ச்சி மண்பானை தந்த குளிர்ச்சி. பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தையும் உடன் கொண்டு போகிறது. அதற்கு மேல் குளிர் வேண்டும் என்று ஆசைப்பட அரசராயிருக்க வேண்டும்.

அப்படி ஆசைப்பட்டவர் அக்பர். வெடிமருந்துக்குப் பயன்படும் வெடியுப்பை நீரில் கரைத்தால் அந்நீர் குளிர்கிறது என்ற உண்மை அவர் அரண்மனையில் பானத்திற்குப் பயன்பட்டது. அபுல் பசல் எழுதிய அயினி அக்பரியில் அளவுகளே தரப்பட்டுள்ளன: ஒரு சேர் நீரை உலோகக் கூசாவில் அடைத்து, இரண்டரை சேர் வெடியுப்பு கரைத்த ஐந்து சேர் நீரில் கால் மணி நேரம் சுழற்ற வேண்டும். அரசவை இலாகூருக்கு மாறிய பின், வடமலைகளிலிருந்து பனிக்கட்டி நாள்தோறும் படகிலும் வண்டியிலும் ஆள் தலையிலும் வந்து சேர்ந்தது. வழியில் உருகிக் கரைந்தது போக எஞ்சியதே மன்னர் குவளைக்கு எட்டியது. சரக்குக் கணக்கு எழுதும் என் போன்றோர்க்கு இதில் முதலில் தோன்றும் வினா, அந்தக் குறைவை எவர் கணக்கில் எழுதினார்கள் என்பதே!

ஆனால் இதனினும் பெரிய வியப்பு 1833-இல் நிகழ்ந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் ஏரிகளை வாளால் அறுத்து விற்பதையே தொழிலாகக் கொண்டவர். தம் நாட்டாரே அவரை எள்ளி நகைத்தனர். அவ்வாண்டு மே மாதம் அவர் அனுப்பிய டஸ்கனி என்னும் கப்பல் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்டு, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு திங்களுக்குப் பின் கல்கத்தாவை அடைந்தது. அப்போதும் ஏறக்குறைய 100 டன் உருகாமல் இருந்தது! வெப்பம் புகாவண்ணம் மரப்பட்டைத் தூளும் மரத்தூளும் வைத்துக் கட்டிய திறமே அதற்குக் காரணம். கவர்னர் ஜெனரல் பெண்டிங்கு பிரபு மகிழ்ந்து வெள்ளிக் கிண்ணம் ஒன்றைப் பரிசளித்தார். மறு ஆண்டு பம்பாய்க்கும் பனிக்கட்டி வந்தது. ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் தம் விருந்தில் ஐஸ்கிரீம் படைத்தாரென்றும், விருந்திட்டவருக்கும் விருந்துண்டவருக்கும் சளி பிடித்ததென்று அந்நகர்ச் செய்தித்தாள் எழுதியதென்றும் சொல்வர்.

நம் சென்னையில் 1842-இல் கடற்கரையோரம் வட்டவடிவில் பெரியதொரு பனிக்கட்டிக் கிடங்கு எழுந்தது. ஐஸ் ஹவுஸ் என்று சென்னை மக்கள் இன்றும் சொல்வது அதையே. மூன்று நகரங்களிலும் இருந்த அக்கிடங்குகளுள் இன்று எஞ்சி நிற்பது சென்னையினுடையது ஒன்றே. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் தங்கியதால் அது விவேகானந்தர் இல்லம் என்ற பெயரும் பெற்றது. அமெரிக்க அறிஞர் தோரோ, தாம் குடிசை கட்டி வாழ்ந்த வால்டன் ஏரியின் பனிக்கட்டி 1846-47 குளிர்காலத்தில் அறுக்கப்படுவதைக் கண்டு, சென்னை மக்களும் கல்கத்தா மக்களும் தம் கிணற்றில் நீர் பருகுவதாக எண்ணி மகிழ்ந்தார். அவர் உள்ளம் பெரிது. எனினும் உண்மையை உள்ளபடி கூறின், அந்நீரைப் பருகியவர் வெள்ளையரும் அவரொத்த செல்வருமே. கப்பலிலிருந்து அக்கட்டிகளைத் தலைமேல் சுமந்து கரை சேர்த்த கூலியாளுக்குக் கிடைத்தது தோளில் வழிந்த நீர் மட்டுமே.

1870-களில் இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் ஆலைகள் நம் நாட்டில் எழுந்தன. கப்பல் வணிகம் மெல்ல மாய்ந்தது. விலை இறங்கவே பனிக்கட்டியும் மாளிகையை விட்டுத் தெருவுக்கு இறங்கி வந்தது. 1872-இல் ஐரம் காட் என்ற ஆங்கிலேயர் கண்ணாடிக் கோலியால் தானே மூடிக்கொள்ளும் புட்டிக்கு உரிமை பெற்றார். நம் ஊரில் அது கோலி சோடா. தில்லியில் அதுவே பண்டா. சோடாவும் எலுமிச்சையும் உப்பும் ஏழையின் கைக்கும் எட்டின.

குளிர் மலிந்தது. ஆயினும் தாகம் தீர்க்கும் உரிமை மலியவில்லை. நான் ஊழியம் புரியும் இரயில்வேயின் வரலாற்றிலேயே அதற்குச் சான்று உண்டு. வடநாட்டு நிலையங்களில் ‘இந்து பானி’, ‘முசல்மான் பானி’ என்று கூவித் தனித்தனியே தண்ணீர் வழங்கிய காலம் நெடுங்காலம். சாதி இந்துக்களுக்கு நீர் வார்க்கவென்றே அந்தணர் ஒருவர் வாளியுடன் நடைமேடையில் நிற்பார். அவருக்குப் பானி பாண்டே என்று பெயர். தாழ்த்தப்பட்டோர் நிலை இவ்விரு வரிசைக்கும் வெளியே. தென்னாட்டு நிலையங்களின் உணவுச்சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம், ஏனையோருக்குத் தனி இடம் என்றிருந்தது. பெரியாரும் அவரைச் சார்ந்தோரும் இடையறாது போராடியதன் பயனாக 1941-இல் அது ஒழிந்தது. இம்மராட்டிய மண்ணில் மகாடு என்னும் ஊரின் பொதுக்குளத்தில் ஒரு கை நீரள்ளிப் பருகுவதற்கே அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச் 20-ஆம் நாள் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டிச் செல்ல வேண்டியிருந்தது. தில்லியில் சிறைப்பட்டிருந்த இந்திய தேசியப் படை வீரர்களுக்கு இந்துத் தேநீர், முஸ்லிம் தேநீர் எனப் பிரித்துக் கொடுத்தபோது, அவர்கள் இரண்டையும் ஒன்றாகக் கலந்து பங்கிட்டுப் பருகினர் என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சம் நிமிர்கிறது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் கிணறு, குளம், உணவுக்கடை ஆகியவற்றில் இவ்வேற்றுமையைத் தடை செய்தது. சட்டம் செய்ததை ஊர் முழுதும் செய்துவிட்டதா என்பதை வாசகர் தத்தம் சிற்றூரை நினைத்து முடிவு செய்க.

இனி, பாலின் கதை. பாலும் புளிப்பும் சேரலாகாது என்பது நம் மூதாட்டியர் வாக்கு. சரகர் முதலிய பழைய மருத்துவ நூலாரும் இவற்றை ஒவ்வாத உணவாகவே கூறினர். காய்ச்சிய பாலில் எலுமிச்சை பிழிந்தால் அது திரியும். வங்காளத்தார் அவ்வாறு திரித்தே இரசகுல்லா செய்கின்றனர். ஆனால் பருகுவதற்கு அது ஆகாது. தயிரும் மோரும் முன்னரே புளித்தவை. ஆதலால் நம் மராட்டிய நண்பர்கள் சிறீகண்டையும் மோரையும் கலந்து பியூஷ் என்னும் நற்பானம் செய்ய முடிந்தது. எலுமிச்சையோடு பாலைச் சேர்க்க வழி திறந்தவர் கெயில் போர்டன் என்ற அமெரிக்கர். அவர் 1856-இல் பாலைச் சுண்டக் காய்ச்சிக் கெடாமல் டப்பாவில் அடைக்கும் முறைக்கு உரிமை பெற்றார். அதன்பின் சர்க்கரை சேர்த்த கெட்டிப்பால் பெருவணிகமாயிற்று; 1866-இல் சுவிட்சர்லாந்திலும் அதற்கு ஆலை அமைந்தது. சர்க்கரை மிகுந்து, நீர் குறைந்து, முன்பே சூடு கண்ட பாலாதலின், எலுமிச்சை பட்டால் அது கட்டிகட்டியாகப் பிரியாமல் மென்மையாகத் தடிக்கிறது.

இதைப் பானத்தில் நன்கு பயன்படுத்திக்கொண்டவர் பிரேசில் நாட்டார். 1921-இல் அங்கு அராராசு என்னும் ஊரில் சுவிசு நிறுவனம் ஒன்று கெட்டிப்பால் ஆலை தொடங்கிற்று. தோலுடன் அரைத்த எலுமிச்சைச் சாற்றில் கெட்டிப்பால் கூட்டிப் பருகும் பானத்துக்கு அந்நாட்டார் சுவிசு எலுமிச்சைப் பானம் என்றே பெயரிட்டனர். நாம் அதைப் பிரேசில் பானம் என்கிறோம்! எலுமிச்சை பிறந்த நாட்டிற்கு அது இப்படி ஊர் சுற்றி, வேறு பெயருடன் திரும்பியிருக்கிறது. நம் நாட்டில் குசராத்தின் ஆனந்து நகரத்துக் கூட்டுறவுப் பால்பண்ணை 1958-இல் கெட்டிப்பால் செய்யத் தொடங்கியதால் வெளிநாட்டு டப்பாவை எதிர்பார்க்கும் நிலையும் குறைந்தது.

செய்முறையையும் கூறிவிடுகிறேன், வரலாறு மட்டும் கூறி வாசகரைத் தாகத்தோடு விட மனமில்லை. நால்வருக்கு, தோல் மெல்லிய எலுமிச்சை நான்கு எடுத்து நன்கு கழுவி எட்டாக நறுக்குக. விதையையும் நடுவிலுள்ள வெண்ணாரையும் ஒன்றுவிடாமல் நீக்குக. கசப்பு அங்கேதான் பெரிதும் குடியிருக்கிறது. மூன்று குவளை குளிர்ந்த நீரோடு மிக்ஸியில் இட்டு ஐந்தாறு நொடி மட்டும் சுற்றி உடனே வடிகட்டுக. தோலிலுள்ள மணமிக்க எண்ணெய் மட்டும் இறங்கினால் போதும். நெடுநேரம் அரைத்தால் கசப்பும் உடன் இறங்கும். வடிகட்டிய சாற்றில் பங்கனப்பள்ளி மாம்பழக் கூழ் ஒரு குவளை, கெட்டிப்பால் நான்கு மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, பனிக்கட்டி ஒரு கை சேர்த்து மீண்டும் சுற்றுக. குளிர்காலமாயின் மாம்பழத்துக்கு மாற்றாக நம் நாகபுரி ஆரஞ்சே உண்டு. அதன் சுளைகளை விதை நீக்கிச் சேர்க்கலாம்.

பனிக்கட்டி வீட்டுக் குளிர்பெட்டியில் காய்ச்சி ஆறிய நீரால் செய்ததாக இருக்கட்டும். மீன் முதலியவற்றைப் பதப்படுத்தச் செய்யும் கட்டி உண்பதற்கு உரியதன்று. அதற்கு நீலநிறம் ஊட்ட வேண்டுமென்று 2018-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பணித்தது. தெருவோரக் குவளையில் நீலம் கண்டால் விலகுக. பானத்தைச் செய்த உடனே பருகிவிட வேண்டும். மாலைக்கு என்று எடுத்து வைத்தால், இனித்த சாறும் புளிப்பின் வினையால் சிறிது சிறிதாகக் கசந்துவிடும்.