இல்லப் பராமரிப்பு உதவி

குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், ஊட்டுதல், கழிப்பறைக்குக் கூட்டிப்போதல், படுக்கையில் புரட்டிவிடுதல் போன்ற அன்றாட வேலைகளுக்கு அரசுச் செலவில் ஆள் கொடுத்து, முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் விடுதிக்குப் போகாமல் சொந்த வீட்டிலேயே வாழ வழிசெய்யும் ஏற்பாடு. மருத்துவமும் ஓய்வூதியமும் இதற்கு நெருங்கியவை என்றாலும் வேறானவை. தமிழகத்திலும் புதுச்சேரியிலும் முதலில் பணம் வந்தது, பிறகு நர்ஸ் வந்தார். தூக்கிவிடும் ஆள் மட்டும் இன்றும் பெரும்பாலும் வீட்டு ஆள்தான். அதிலும் மனைவி, மகள், மருமகள்.

இதை ஓர் உரிமையாகக் கேட்டவர்கள் மாற்றுத்திறனாளிகளே. அமெரிக்காவின் பெர்க்லி நகரில் எட் ராபர்ட்ஸும் நண்பர்களும் 1972இல் சுதந்திர வாழ்வு மையம் தொடங்கினார்கள். உதவியாளரைத் தேர்ந்தெடுப்பதும் வேலை சொல்வதும் உதவி பெறுபவரின் கையில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. 1994இல் நடைமுறைக்கு வந்த சுவீடன் சட்டம், இவருக்கு வாரத்துக்கு இத்தனை மணி நேரம் உதவியாளர் என்று கணக்கிட்டுக் கொடுத்தது. ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு இதே உரிமையைப் பேசுகிறது. இந்தியா 2007இல் அதை ஏற்றது.

தமிழகத்தில் முதியோர் உதவித்தொகை 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கியது. கடும் பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியில் 2,000 ரூபாயானது. பிறர் துணையின்றி இயங்க முடியாதவரின் உதவியாளருக்கு மாதம் 1,000 ரூபாய் தனியே தரும் ஏற்பாடும் உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், உயர் ஆதரவு தேவைப்படுவோர் அதற்கு விண்ணப்பிக்கலாம் என்றும் மதிப்பீட்டுக் குழு பரிந்துரைக்கும் என்றும் சொல்கிறது. சுவீடனில்போல மணிக்கணக்கு எதுவும் அதில் இல்லை.

நர்ஸை வீட்டுக்கு அனுப்புவதில் முந்திக்கொண்டது கேரளம். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993இல் தொடங்கிய வலி தணிப்பு முயற்சி ஊர்தோறும் தன்னார்வலர் குழுக்களாகப் பரவியது. 2008இல் மாநில அரசு அதைத் தன் கொள்கையாக்கி, உள்ளாட்சிகளின் பொறுப்பில் விட்டது. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய் தரும் ஆசுவாசகிரணம் திட்டமும் அங்கு உண்டு. தமிழகத்தின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. பிசியோதெரபிஸ்டும் வலி தணிப்பு நர்ஸும் வருகிறார்கள். பக்கவாதத்தில் விழுந்தவர்களுக்கு இது பெரிய உதவி, ஐயமில்லை. ஆனால் படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். நர்ஸ் புண்ணுக்குக் கட்டுப்போட்டுவிட்டுப் போனபின், அன்றிரவு எழுந்து புரட்டுவது யார் என்பதற்குத் திட்டத்தில் பதில் இல்லை.

புதுச்சேரியில் மாற்றுத்திறனாளிகளின் உதவித்தொகை சமூக நலத்துறையிடமும், முதியோர், விதவையர் உதவித்தொகை மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறையிடமும் உள்ளன. மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய தேங்காய்த்திட்டில் படுத்த படுக்கையாகிவிட்ட ஒருவருக்கும் அரசு வழி இந்த உதவித்தொகைதான். ஆள் வேண்டுமென்றால் தனியார் ஏஜென்சியில் கேட்க வேண்டும். இவ்வூருக்கே உரிய இன்னொரு கணக்கும் உண்டு. பிரான்ஸ் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த, 1962இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின்படி பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்ட குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. பிரான்சில் 2002 முதல், 60 வயதைக் கடந்து பிறர் துணை தேவைப்படுவோருக்கு வீட்டு உதவியாளர் செலவுக்கென்றே ஒரு படி தரப்படுகிறது. தளர்ச்சியை ஆறு நிலைகளாகப் பிரித்து, முதல் நான்கில் உள்ளவர்களுக்குக் கொடுக்கிறார்கள். அந்தப் பணத்தில் பெற்ற மகளையே சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கணவனையோ மனைவியையோ வைக்க முடியாது. பிரான்சில் குடியிருந்தால்தான் இந்தப் படி. ஆக, பாரீசுக்குப் போய்விட்ட அண்ணனுக்குக் கிடைப்பது, அதே கடவுச்சீட்டோடு புதுச்சேரியில் தங்கிவிட்ட தம்பிக்குக் கிடைக்காது.

இந்தியாவில் தரப்படும் உதவித்தொகையில், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள, 80 விழுக்காடு பாதிப்புள்ளவருக்கு மத்திய அரசின் பங்கு 2012இலிருந்து மாதம் 300 ரூபாய். ஆந்திரம் 2024 ஜூலையில் முழுமையாகப் படுக்கையில் இருப்பவருக்கான தொகையை 15,000 ரூபாயாக்கியது. அண்டை மாநிலங்களில் ஓர் உதவியாளரை அமர்த்துவதைப் பற்றி யோசிக்கவாவது இடம் கொடுக்கும் தொகை அது ஒன்றுதான். அதுவும் ரொக்கமே, ஆளைத் தேடுவதும் பழக்குவதும், அவர் வராத நாளில் ஈடுகட்டுவதும் வீட்டார் பாடு.