‘ஐதர் அலி’ என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல்: மரக்காணக் கரையிலிருந்து ஒரு வாசிப்பு

1782 ஏப்ரல் 8 அன்று வட அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் இரண்டு பாய்மரப் போர்க்கப்பல்கள் மோதின. தோற்ற பிரிட்டிஷ் கப்பல் ‘ஜெனரல் மங்க்’. வென்ற பென்சில்வேனியக் கப்பலின் பெயர் ‘ஐதர் அலி’. மைசூரை ஆண்ட ஐதர் அலியின் பெயரை அக்கப்பல் தாங்கியதை வெறும் கீழைநாட்டு மோகம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது போரின் போக்கை அறிந்து இட்ட பெயர். அதற்கான சான்றில் பாதி, புதுச்சேரிக்கு வடக்கே குயிலாப்பாளையம் முதல் மரக்காணம் வரையிலான நம் கரையை ஒட்டியே இருக்கிறது.

1778 பிப்ரவரியில், பிரிட்டனுக்கு எதிராக விடுதலைப் போர் நடத்திய அமெரிக்கருடன் பிரான்ஸ் உடன்படிக்கை செய்தது. ஆறே மாதத்தில் அதன் விளைவு புதுச்சேரிக்கு வந்தது: ஆகஸ்ட் 10-ல் ஆங்கிலேயருடன் கடற்சண்டை, அக்டோபரில் பிரெஞ்சுக் கோட்டையின் வீழ்ச்சி. அடுத்த மார்ச்சில் ஆங்கிலேயர் மேற்குக் கரையில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த மாஹேயையும் பிடித்தனர். ஐதருக்குப் படைக்கலம் வந்து சேர்ந்த துறைமுகம் அது; அதன் இழப்பு அவரைப் போருக்குத் தூண்டியது. 1780 ஜூலையில் அவர் அன்று கர்நாடகம் எனப்பட்ட இந்தக் கிழக்குக் கரைப் பகுதிக்குள் இறங்கினார். செப்டம்பர் 10 அன்று பொள்ளிலூரில் ஆங்கிலத் தளபதி பெய்லியின் படை அழிந்தது. அச்செய்தி அமெரிக்காவை எட்டியது.

டெலவேர் ஆற்றின் வாணிகத்தைப் பிரிட்டிஷ் தரப்புக் கப்பல்களிடமிருந்து காக்க, ஒரு வணிகக் கப்பலைப் பிலடெல்பியாவினர் போருக்கு ஏற்றதாக மாற்றினர். அதில் 6 பவுண்டு குண்டு எறியும் 16 பீரங்கிகள் இருந்தன. தலைவர் ஜோசுவா பார்னிக்கு வயது 22. எதிரிக்கோ 9 பவுண்டுப் பீரங்கிகள். பார்னி சுக்கான் பிடிப்பவனிடம் முன்னதாகவே சொல்லி வைத்திருந்தார்: உரக்க இடும் கட்டளைக்கு நேர்மாறாகத் திருப்ப வேண்டும். கட்டளையைக் கேட்டு ஏமாந்த ஜெனரல் மங்க், ஐதர் அலியின் பாய்க்கயிறுகளில் சிக்கிக்கொண்டது. அரை மணி நேரத்துக்குள் சண்டை முடிந்தது. கவிஞர் பிலிப் பிரீனோ இக்கப்பலைப் பாடியபோது, ஆங்கிலேயரை நாணச் செய்த கீழைநாட்டு அரசனின் பெயர் இது என்று விளக்கியே பாடினார். பெயரின் பொருள் அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று தேவையில்லை.

அதே 1782-ல் இங்கே என்ன நடந்தது? பிப்ரவரி 17-ல் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் சுஃப்ரனின் பிரெஞ்சுக் கப்பற்படையும் ஹியூஸின் ஆங்கிலக் கப்பற்படையும் பொருதின. பின்னர் சுஃப்ரன் தெற்கே வந்து பரங்கிப்பேட்டையில் படைகளை இறக்கினார். குயிலாப்பாளையத்துச் செம்மண் மேட்டுக்குக் கீழே விரியும் கடல்தான் அந்தக் கப்பல்களின் வழி. ஏப்ரல் தொடக்கத்தில், டெலவேர் சண்டை நடந்த அதே நாட்களை ஒட்டி, ஐதரும் பிரெஞ்சுக்காரரும் கடலூரைக் கைப்பற்றினர். மே மாதத்தில் மரக்காணத்துக்கு மேற்கே பெருமுக்கல் கோட்டையும் அவர்கள் வசமானது. இரண்டு கரைகளிலும் நடந்தது ஒரே போர்தான் என்ற பிலடெல்பியாவின் கணிப்பு சரியானது.

ஆனால் அக்கணிப்பில் இம்மண்ணின் குடிகளுக்கு இடமில்லை. ஐதரின் குதிரைப்படை கர்நாடகத்து ஊர்களை எரித்தது, மாடுகளை ஓட்டிச் சென்றது; பஞ்சம் தொடர்ந்தது. அமெரிக்கருக்கு விடுதலையின் தோழராகத் தோன்றியவர் இங்குள்ள உழவருக்கு ‘கலாபம்’, அதாவது கொள்ளையும் குழப்பமும். இவற்றுள் ஒன்றைக் காட்டி மற்றதை மறுப்பது வரலாறாகாது. 1778 முதல் 1792 வரை நீளும் இரண்டாம் வீராநாயக்கரின் நாட்குறிப்பு புதுச்சேரியிலிருந்து தமிழில் எழுதப்பட்டது. அமெரிக்கக் கடற்படை ஆவணங்களோடு அதையும் அருகருகே வைத்துப் படிக்கும் பணியைத் தமிழ் ஆய்வாளர்களே செய்தாக வேண்டும். இரண்டையும் ஒருசேரப் படிக்கும் மொழி வாய்ப்பு நமக்கே உண்டு.

பிடிபட்ட ஜெனரல் மங்க் முன்பு அமெரிக்கருடையதாய் இருந்த கப்பல். மீண்டும் ‘ஜெனரல் வாஷிங்டன்’ என்னும் பழைய பெயரைப் பெற்றது. பிரிட்டனுடனான முதற்கட்டச் சமாதான உடன்பாட்டின் செய்தியை 1783 மார்ச் 12 அன்று பிலடெல்பியாவுக்குக் கொண்டுவந்தது அதுதான். சமாதானச் செய்தி இங்கு வந்து சேர ஜூன் இறுதியாயிற்று. அதற்குள் ஐதர் இறந்து ஆறு மாதம் கடந்திருந்தது. ஜூன் 20 அன்று சுஃப்ரனும் ஹியூஸும் கடலூருக்கு அப்பால் மறுபடி மோதி முடித்திருந்தனர்.