நஞ்சை மருந்தாக்கிய கைகள்

மாசி மகப் பௌர்ணமியன்று மாமல்லபுரம் கடற்கரைக்குச் செல்வோர், ஆயிரக்கணக்கான இருளர் குடும்பங்கள் மணலில் கூடியிருக்கக் காண்பர். தங்கள் தெய்வமான கன்னியம்மனை வழிபடவும், திருமணங்களை நிச்சயிக்கவும் அவர்கள் ஆண்டுதோறும் அங்கே வருகின்றனர். அவர்களை வேடிக்கை பார்த்துத் திரும்பும் நம்மில் எத்தனை பேர், நம் மருத்துவமனைகளில் பாம்புக்கடிக்கு இடப்படும் ஊசி மருந்துக்கும் அம்மக்களுக்கும் உள்ள உறவை அறிந்திருக்கிறோம்?

இருளரை அறிவியல் முதலில் எவ்வாறு கண்டது என்பதை நாம் நினைவுகூர வேண்டும். 1885 முதல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டு மக்களின் தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்து, இனங்களை வகைப்படுத்த முற்பட்டார். 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய நூலில் இருளரும் இடம் பெற்றனர். மூக்கின் அகலத்தைக் கொண்டு மாந்தரின் உயர்வு தாழ்வை வகுக்கும் கொள்கையைப் பிற்கால அறிவியலே பொய்யெனத் தள்ளிவிட்டது. ஆனால், இருளர் ஆராயப்படவேண்டியவர், ஆராயத் தெரிந்தவர் அல்லர் என்ற எண்ணம் அதனுடன் மறையவில்லை.

உண்மை என்ன? மணலில் படிந்த தடத்தையும், வளையின் வாயிலில் கிடக்கும் சட்டையையும் எச்சத்தையும் கொண்டு, உள்ளே இருப்பது இன்ன பாம்பு என்று உரைக்க வல்லவர் இருளர். ஒரு கடப்பாரையும் ஒரு துணிப்பையுமே அவர்களுடைய கருவிகள். இத்தகைய நுட்பத்தை நெடுங்காலம் தோல் வாணிபமே விலைக்கு வாங்கிற்று. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. பாம்புகள் பிழைத்தன, இருளரின் அடுப்பு அணைந்தது.

அந்நிலையில், அமெரிக்காவில் பிறந்து இந்தியக் குடிமகனான ராமுலஸ் விட்டேக்கர், தாம் பாம்பறிவு கற்ற அம்மக்களோடு சேர்ந்து ஒரு வழி கண்டார். 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பதிவு பெற்றது. மாமல்லபுரத்திற்கு வடக்கே, வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணை வளாகத்தில் அது இயங்கி வருகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் உறுப்பினர் பிடித்து வருவர். மண்பானைகளில் ஏறத்தாழ மூன்று வாரங்கள் வைத்து, நான்கு முறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடுவர். உலர்த்தப்பட்ட அந்நஞ்சு மருந்து நிறுவனங்களுக்குச் செல்கிறது. அங்கே குதிரைகளின் உடலில் சிறிது சிறிதாகச் செலுத்தப்பட்டு, அவற்றின் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளே நஞ்சுமுறி மருந்தாகிறது. இந்தியாவில் இம்மருந்துக்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதியைப் பல்லாண்டுகளாக அளித்து வந்தவர் இவர்களே.

இதன் அருமையை ஓர் எண்ணிக்கை உணர்த்தும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று 2020இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. மாண்டவருள் மிகப் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள்.

2017இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம், தன் சதுப்பு நிலங்களை அழித்துவந்த பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க, செங்கற்பட்டுப் பகுதியின் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அழைத்தது. அந்நாட்டு வல்லுநர் திணறிய இடத்தில், இவ்விருவரும் இரண்டு வாரங்களுக்குள் 13 பாம்புகளைப் பிடித்தனர். 2023இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது. நாம் மகிழ்ந்தோம். ஆயினும் அவ்விருது எப்பிரிவில் வழங்கப்பட்டது? 'சமூகப் பணி' என்ற பிரிவில். அறிவியலுக்கென்று தனிப் பிரிவு இருந்தும், இருளரின் அறிவு அங்கே அமர்த்தப்படவில்லை.

இது சொல்லைப் பற்றிய வழக்கு அன்று. பழங்குடிச் சான்றிதழ் பெறுவதற்கே இன்றும் பல இருளர் குடும்பங்கள் அலைகின்றன. சான்றிதழ் இல்லையேல் கல்லூரியில் அவர்களுக்குரிய இடமில்லை. கல்லூரி இல்லையேல் ஆய்வுக்கூடத்தின் வாயில் திறவாது. தந்தை எடுத்துத் தரும் நஞ்சை ஆராயும் உரிமை மகளுக்கு எட்டாமல் போகிறது. ஓரிடத்துப் பாம்பின் நஞ்சு மற்றோரிடத்து நஞ்சினின்று வேறுபடுவதால், ஒரே மருந்து நாடெங்கும் ஒன்றுபோல் பயன்படுவதில்லை என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. பாம்பறிந்த மக்கள் ஆராய்ச்சியாளராக அமர வேண்டிய தேவை முன்னினும் இன்று மிகுதி.

நஞ்சை வாங்கிக்கொண்டு அறிவை வெளியே நிறுத்துவது நீதியாகாது. இரவில் வயல் வரப்பில் கடியுண்டு வரும் நம் பிள்ளை ஊசி மருந்தால் கண் விழிக்கும்போது, மருத்துவருக்கு நன்றி கூறுவோம். வளையின் வாயில் மண்டியிட்டிருந்த அந்தக் கைகளுக்கும் கூறுவோம். அக்கைகளுக்குரியவரின் பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் ஆய்வுக்கூடத்திலும் இடம் கேட்டுக் குரல் கொடுப்பதே அந்நன்றியின் மெய்யான வடிவம்.