வியாகுலமும் வாழ்வும்

கல்முனைக்கு அண்மையில், வயல்கள் சூழ்ந்த சொறிக்கல்முனையில் திருச்சிலுவை ஆலயம் அமைந்துள்ளது. முஸ்லிம்களும் இந்துக்களும் செறிந்து வாழும் இப்பிரதேசத்தில் கத்தோலிக்கர் சிறுதொகையினரே. அவர்தம் செபமரபின் வேரை ஒல்லாந்தர் காலத்திலே காணலாம்.

1638இல் மட்டக்களப்புக் கோட்டையையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து குருக்களை வெளியேற்றினர். 1687இல் யோசேப் வாஸ் அடிகளாரும், 1705இல் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரும் கோவாவிலிருந்து வந்து, தளர்ந்திருந்த திருச்சபையை மீளக் கட்டினர். கொன்சால்வெஸ் இயற்றிய ‘வியாகுலப் பிரசங்கம்’ கிறிஸ்துவின் பாடுகளைத் தியானிக்கும் தமிழ் நூலாகும். ஈழத்துக் கத்தோலிக்கர் தவக்காலத்தில் அதனை இராகத்தோடு வாசிப்பர்; எழுத்தறியாதாரும் கேட்டு உருகுவர். மகனை இழந்த மரியாளின் துயர், ஒப்பாரி கேட்டுப் பழகிய செவிகளுக்கு அந்நியமன்று. வேதத்தின் துயரும் வீட்டின் துயரும் அங்கு ஒரே மொழி பேசின. செபம் துன்பத்தை மறக்கச் செய்யவில்லை. அதனைச் சொல்ல மொழி தந்தது.

போரும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் இக்கரையோரப் பிரதேசத்தில் சமயபேதமின்றி உயிர்களைக் கவர்ந்தன. ஆகவே, அயலவர் கண்ணீரையும் தன் கண்ணீராக ஏற்கும்போதே சிலுவையடிச் செபம் நிறைவுபெறும் எனலாம்.