தகட்டின் அடியில் ஒரு வரி

லண்டன் ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1745-ல் தம் ஓவியங்களை ஏலம் விட்டார். கிராமத்திலிருந்து லண்டனுக்கு வந்து விலைமகளாகிச் சாகும் ஒரு பெண்ணின் கதையைச் சொல்லும் ஆறு ஓவியங்கள் ஒவ்வொன்றும் 14 கினிக்குப் போயின. மொத்தம் 84 கினி. அதே ஆறு காட்சிகளையும் செப்புத் தகட்டில் செதுக்கி, அச்சடித்து, தொகுதி 1 கினி என்று அவர் 1732-லேயே விற்றிருந்தார். அப்போது சந்தா கட்டி வாங்கியவர்கள் 1,200 பேருக்கு மேல். ஓவியம் ஈட்டியதைப்போல் பதினாலு மடங்கு பணத்தை அதன் அச்சுப்படி ஈட்டியது. ஹோகார்த்தின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கணக்கு போதும். மூல ஓவியத்தை ஒரு பிரபு வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டால் அதோடு வரவு நின்றுபோகும். மாதாமாதம் அடுப்பெரிய வைப்பது படிதான். ஆகவே படியைத் திருடுகிறவன் அவருடைய சோற்றிலேயே கை வைக்கிறான். 1735-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அச்சுப்படங்களுக்கென்று முதன்முறையாக ஒரு பதிப்புரிமைச் சட்டம் கொண்டுவந்ததற்கு இதுவே காரணம். ஆனால் அந்தச் சட்டம் எதைக் காத்தது, எதைக் காக்கவில்லை என்பதைக் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். படம் திருடுபோகாமல் இருப்பதும் படத்தை வைத்துப் பிழைப்பதும் ஒரே விஷயம் என்று நாம் எளிதாக நினைத்துவிடுகிறோம். ஹோகார்த் காலத்து வரலாறு வேறு மாதிரி சொல்கிறது: உரிமை ஒருவருக்குக் கொஞ்ச காலத்தை வாங்கித் தரும், அந்தக் காலத்துக்குள் வாங்குபவர்களை நேரடியாகத் தேடிச் சேர்த்துக்கொண்டவருக்கே அது வருமானமாக மாறும்.

முதலில் தொழிலைப் பார்ப்போம். செம்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கிய தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கோடு கீறி, அமிலம் விடுவார்கள். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். அதன்மேல் கூரான உளியால் நிழலுக்கும் மடிப்புக்கும் கோடு கோடாகச் செதுக்குவார்கள். ஒரு பெரிய தகட்டுக்கு மாதக்கணக்கில் ஆகும். மையைத் தடவி மேலே துடைத்துவிட்டால் பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரத்தாளை விரித்து இரண்டு உருளைகளுக்கு நடுவே அழுத்தி இழுத்தால் படம் தாளில் ஏறிவிடும். கள்ளப்படி எடுப்பவனுக்கும் இதே வேலை உண்டு, ஆனால் பாதிதான். பாத்திரங்களை யோசிக்க வேண்டியதில்லை, யாரை எங்கே நிறுத்துவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கடையில் ஒரு படத்தை வாங்கிவந்து, அதைப் பார்த்து இன்னொரு தகட்டில் அப்படியே இறக்கிவிடலாம். அப்படி நேராகப் பார்த்துச் செதுக்கியதை அச்சிட்டால் படம் இடம் வலமாகத் திரும்பிவிடும். அந்தக் காலத்துக் கள்ளப்படிகளில் பல இப்படித் திரும்பியே இருந்தன. வலது கையில் வாள் பிடித்தவன் இடதுகைக்காரனாகிவிடுவான். அதைப் பற்றி விற்பவனுக்கும் கவலையில்லை, மலிவு விலைக்கு வாங்குபவனுக்கும் கவலையில்லை.

திருடியவர்கள் தெருவோரத்து அநாமதேயங்கள் அல்ல என்பதுதான் முக்கியம். லண்டனில் அச்சுப்படம் விற்ற பெரிய கடைக்காரர்களே அதைச் செய்தார்கள். செதுக்குபவர்களில் பெரும்பாலோர் அந்தக் கடைகளுக்குக் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள். துணிந்து சொந்தமாக ஒரு படத்தை வெளியிட்டவனுக்கும் விற்பதற்கு வேறு இடம் கிடையாது. அதே கடைகளில்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஹோகார்த் 1724-ல் லண்டன்வாசிகளின் ரசனையைக் கேலி செய்யும் ஒரு படத்தைச் சொந்தமாக வெளியிட்டு 1 ஷில்லிங் விலை வைத்தார். நன்றாக ஓடத் தொடங்கியதுமே கடைகளில் பாதி விலைக்கு அதன் கள்ளப்படிகள் வந்துவிட்டன. அவருடைய அசல் படங்கள் விற்காமல் அவரிடமே திரும்பி வந்தன. யாருடைய கையில் கடை இருந்ததோ அவர்கள் கையில்தான் படமும் இருந்தது. கடன் கட்ட முடியாமல் ஃப்ளீட் சிறையில் கிடந்த தகப்பனின் பிள்ளை ஹோகார்த். தந்தை பள்ளி நடத்தியவர், நூல்கள் எழுதியவர். புத்தகத்தை நம்பிப் பிழைக்க முடியவில்லை. உழைப்பைத் தன் கையில் வைத்துக்கொண்டு விற்பனையை அடுத்தவன் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அந்த மகன் வீட்டிலேயே கற்றிருப்பார் என்று நான் நினைக்கிறேன்.

1732-ல் அவர் கண்ட வழி சட்டத்தோடு சம்பந்தப்பட்டதல்ல. கடைகளை ஒதுக்கிவிட்டு, செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்து, தம் வீட்டிலேயே சந்தா வாங்கினார். முன்பணமாக அரை கினி கட்டியவருக்கு ரசீதுக்குப் பதிலாகவே ஒரு சிறு படத்தை அச்சிட்டுக் கொடுத்தார். படம் தயாரானதும் மீதி அரை கினியைக் கட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். அச்சிடுமுன்பே யார் வாங்குவார்கள், எத்தனை பேர் என்பது தெரிந்துவிட்டது. சந்தாதாரர்களுக்கு வேண்டிய அளவுக்கு மேல் அடிப்பதில்லை என்றும் வாக்குக் கொடுத்தார். செம்புக்கும் தாளுக்கும் கடன் வாங்கத் தேவை இருக்கவில்லை. அச்சுப்படங்களுக்குப் பதிப்புரிமை என்ற பேச்சே இல்லாத நிலையில் ஒரு கலைஞன் ஆயிரம் கினிக்கு மேல் ஈட்டியது இந்த நேரடி உறவால்தான். ஆனாலும் சந்தா கட்டாதவர்களிடம் அந்தப் படத்துக்கு இருந்த பசியைக் கள்ளப்படிகள் உடனே நிரப்பின. விசிறிகளில்கூட அந்தக் காட்சிகள் ஏறின. சந்தாவால் ஒரு படத்தின் முதல் விற்பனையைக் காக்க முடியும். அதற்குப் பிறகு அந்தப் படம் ஊரார் சொத்து. அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் தன் தகட்டிலிருந்து ஒருவன் வரவு பார்க்க வேண்டுமானால் சந்தா போதாது.

அதனால்தான் ஹோகார்த்தும் ஜார்ஜ் வெர்ட்யூ, ஜான் பைன் போன்ற சக கலைஞர்களும் சேர்ந்து நாடாளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தார்கள். புத்தகங்களுக்கு 1710-லேயே சட்டம் இருந்தது. அதை மாதிரியாக வைத்து, ஹோகார்த்தின் நண்பரும் வழக்கறிஞருமான வில்லியம் ஹக்கின்ஸ் வரைவைத் தயாரித்தார். 1735 மே 15-ல் அரசரின் ஒப்புதல் கிடைத்தது. ஜூன் 24 முதல் நடைமுறை. சொந்தமாகக் கற்பனை செய்து செதுக்கிய படத்துக்கு 14 ஆண்டு உரிமை. மீறினால் தகடும் தாள்களும் பறிமுதல், ஒவ்வொரு கள்ளப்படிக்கும் 5 ஷில்லிங் அபராதம். ஒரு நிபந்தனையும் இருந்தது: உரிமையாளர் பெயரும் வெளியிட்ட தேதியும் தகட்டில் பொறிக்கப்பட்டு ஒவ்வொரு படத்திலும் அச்சாக வேண்டும். அன்றிலிருந்து ஆங்கிலேய அச்சுப்படங்களின் அடியில் நாடாளுமன்றச் சட்டப்படி வெளியிடப்பட்டது என்ற வரி ஒரு வழக்கமாகவே நிலைத்தது. இன்று படத்தின் மூலையில் பெயரைப் பொறித்து இணையத்தில் போடுகிறவர்களுக்கு இந்த வரி முன்னோடி.

சட்டம் வரப்போவது தெரிந்து, ஹோகார்த் தம் அடுத்த தொகுதியான எட்டுப் படங்களை வெளியிடாமல் நிறுத்திவைத்தார். தகப்பன் சேர்த்த பணத்தைச் சூதாட்டத்திலும் உல்லாசத்திலும் அழித்துக் கடைசியில் பித்தர் விடுதியில் கிடக்கும் ஒரு வாலிபனின் கதை அது. கடைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. சந்தா கட்ட வருகிறவர்கள் ஓவியங்களைப் பார்க்கட்டும் என்று ஹோகார்த் அவற்றை வீட்டில் வைத்திருந்தார். கடைக்காரர்கள் அங்கே வாங்க வருகிறவர்கள் போல ஆட்களை அனுப்பி, பார்த்ததை மனத்தில் ஏற்றிக்கொண்டு வரச்செய்து, அதை வைத்துத் தகடு செதுக்கினார்கள். ஜூன் தொடக்கத்திலேயே, அசல் வெளிவரும் முன்பாகவே, கள்ளப்படிகள் கடைக்கு வந்துவிட்டன. நினைவிலிருந்து வரைந்தவை ஆதலால் விவரங்கள் எங்கெங்கோ பிசகியிருந்தன. ஹோகார்த் செய்தித்தாளில் எச்சரிக்கை வெளியிட்டார். ஜூன் 25-ல், சட்டம் அமலுக்கு வந்த மறுநாள், தம் தொகுதியைக் கொண்டுவந்தார். வாங்குபவர்களை நேரில் அழைத்ததே திருட்டுக்கும் வாசல் திறந்துவிட்டது என்பதை இங்கே மறைக்க வேண்டியதில்லை. காட்டாமல் விற்க முடியாது, காட்டினால் களவுபோகும். இந்தத் தொழிலின் அடிப்படைச் சிக்கல் இது, எந்தச் சட்டமும் இதை முழுதாகத் தீர்த்ததில்லை.

இப்படிப்பட்ட சட்டத்துக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது, கள்ளப்படிகள்தான் ஹோகார்த்தை வீடுதோறும் கொண்டுசேர்த்தன என்பது. 1 கினி என்பது 21 ஷில்லிங். லண்டன் கூலிக்காரனுக்கு ஏறக்குறைய இரண்டு வாரச் சம்பளம். அவன் அசலை எப்படி வாங்குவான்? மலிவுப்படி இல்லையென்றால் அவனுக்குப் படமே இல்லை. இந்த வாதத்தை ஒதுக்க முடியாது. ஹோகார்த்தே இதை ஒதுக்கவில்லை. 1732-லேயே கைல்ஸ் கிங் என்ற செதுக்குநருக்கு அனுமதி கொடுத்து மலிவுப்படிகள் வெளிவரச் செய்தார். 1735-ல் சந்தாவுக்குப் பிறகு அசல் தொகுதியின் விலை 2 கினி; அதே நேரத்தில் தாமஸ் பேக்வெல் என்ற கடைக்காரரைக் கொண்டு, சிறிய அளவில், அனுமதி பெற்ற பதிப்பை 2 ஷில்லிங் 6 பென்னிக்கு வெளியிட்டார். 1751-ல் ஜின் சாராயத்தின் கேட்டைக் காட்டும் படத்தையும் அதன் ஜோடியையும் ஏழைகளுக்கு எட்டவேண்டுமென்றே எளிய கோடுகளில் செதுக்கி, தலா 1 ஷில்லிங்குக்கு விற்றார். ஆக, பிரச்சினை மலிவில் இருக்கவில்லை. எந்தப் படியை யாருக்கு, என்ன விலைக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் கடைக்காரனுக்கா படைத்தவனுக்கா என்பதில் இருந்தது. கள்ளப்படி புகழைப் பரப்பும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் புகழ் பணமாவதற்கு ஓர் அசல் பதிப்பும் அதை வாங்க ஓர் இடமும் இருக்க வேண்டும். 1724-ல் ஹோகார்த்துக்கு அந்த இடம் இருக்கவில்லை. 1735-ல் லெஸ்டர் ஃபீல்ட்ஸில் அவருடைய வீட்டு வாசலிலேயே அது இருந்தது.

இன்னொரு வாதம் அதைவிடக் கூர்மையானது: ஹோகார்த் போன்ற ஒருவருக்குப் பயன்பட்ட சட்டம் சாதாரணச் செதுக்குநருக்கு என்ன கொடுத்தது? பிறர் ஓவியத்தைப் பார்த்துச் செதுக்கிப் பிழைத்தவர்களுக்கு 1735 சட்டத்தில் உரிமை உறுதியாகவில்லை. 1767-ல்தான் அது விரிந்தது. காவலர் யாரும் வந்து பிடித்துத் தரமாட்டார்கள். உரிமையுள்ளவரே வழக்குத் தொடுக்க வேண்டும், செலவு செய்ய வேண்டும். இதை எலிசபெத் பிளாக்வெல் என்ற ஓவியரின் கதையில் நெருங்கிப் பார்க்கலாம். கணவர் கடனுக்காகச் சிறையில். செல்சியில் இருந்த மூலிகைத் தோட்டத்துக்கு அருகே குடியேறி, செடிகளைப் பார்த்து வரைந்து, தாமே தகட்டில் செதுக்கி, அச்சான படங்களுக்குத் தாமே வண்ணமும் தீட்டி, வாரம் நான்கு படமாக 1737 முதல் 1739 வரை வெளியிட்டார். மொத்தம் 500 படங்கள். செடிகளுக்குப் பல மொழிகளில் பெயர் சேர்த்துக் கொடுத்தவர் சிறையிலிருந்த கணவர். அந்த வருமானம்தான் அவரை மீட்டது. தகடுகளில் எலிசபெத் தம் பெயரைப் பொறித்திருந்தார், தேதியைப் பொறிக்கவில்லை. படங்களைப் பிறர் காப்பியடித்தபோது வழக்கு 1740-ல் நீதிபதி ஹார்ட்விக் பிரபுவிடம் வந்தது. தேதி இல்லாததால் உரிமை போய்விடாது என்று கருதி அவர் தடையாணை கொடுத்தார். பின்னால் வந்த நீதிபதிகள் இவ்வளவு இளகவில்லை. பெயரும் தேதியும் கட்டாயம் என்றார்கள். அப்படிப் பார்த்தால், ஒரு சிறு வரியை விட்டுவிட்டதற்காக 500 தகடுகளின் உழைப்பும் கைவிட்டுப் போயிருக்கும். வசதியில்லாதவர்களுக்குச் சட்டம் எவ்வளவு இடறலாக அமையும் என்பதற்கு இது சான்று. ஆனால் சட்டமே வீண் என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்ள மாட்டேன். வாராவாரம் வாங்கக் காத்திருந்த ஒரு கூட்டம் எலிசபெத்திடம் இருந்தது. பதிப்புரிமையில் ஒரு பங்கை ஜான் நூர்ஸ் என்ற பதிப்பாளருக்கு விற்கவும் முடிந்தது. உரிமை என்று ஒன்று எழுத்தில் இல்லாதிருந்தால் விற்பதற்குப் பங்கே இருந்திருக்காது.

உரிமையின் எல்லையை ஹோகார்த்தின் மனைவி ஜேன் வாழ்ந்தே பார்த்தார். ஹோகார்த் 1764 அக்டோபரில் இறந்தார். சொத்தில் வருமானம் தரக்கூடியது தகடுகள்தான். பலவற்றின் 14 ஆண்டுகளும் எப்போதோ முடிந்திருந்தன. 1767 சட்டம் பொதுவான காலத்தை 28 ஆண்டாக்கியதோடு, ஜேனுக்கென்றே தனிப் பிரிவு ஒன்றை வைத்து, கணவரின் படங்கள்மீது அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் 20 ஆண்டு தனியுரிமை கொடுத்தது. (இந்தியச் சட்டம் இன்று படைத்தவரின் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டு தருகிறது, ஒரு விதவை தனக்கென்று நாடாளுமன்றத்தை நாட வேண்டிய நிலை இன்றில்லை.) அதே வீட்டிலிருந்து அதே தகடுகளில் அச்சிட்டு விற்று ஜேன் காலம் தள்ளினார். 20 ஆண்டும் முடிந்த 1787-ல் அவருக்கு ராயல் அகாதமி ஆண்டுக்கு 40 பவுண்டு உதவித்தொகை கொடுக்க வேண்டியதாயிற்று. உரிமை தீர்ந்த வருடமும் உதவித்தொகை தொடங்கிய வருடமும் ஒன்றாக இருப்பது தற்செயலென்று எனக்குப் படவில்லை. 1789-ல் அவர் இறந்ததும் தகடுகள் உறவினர் மேரி லூயிஸ் கைக்குப் போயின. அவர் அவற்றை ஜான் பாய்டெல் என்ற பெரும் அச்சுப்பட வியாபாரியிடம் ஒப்படைத்து, ஆயுள் முழுக்க ஆண்டுக்கு 250 பவுண்டு பெற்றுக்கொண்டார். தனியுரிமை காலாவதியான தகடுகளுக்கு அந்த விலை. ஹோகார்த்தின் அசல் என்று சொன்னால் வாங்க ஆள் இருந்தது, அந்த ஆட்களை எட்டும் கடை பாய்டெல்லிடம் இருந்தது. எண்பது வயதை எட்டிக்கொண்டிருந்த ஜேனிடம் தகடு இருந்தது, அந்தக் கடை இல்லை.