மஞ்சள் அட்டை பிறந்த கதை

1957 அக்டோபரில் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற தூக்க மாத்திரை விற்பனைக்கு வந்தது. ஆபத்தே இல்லாதது, மசக்கைக்கும் கேட்கும் என்றார்கள். 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் விற்றது.

பிறகு கைகால் வளராத குழந்தைகள் பிறக்கத் தொடங்கின. ஓர் ஊரில் ஒன்று, இன்னோர் ஊரில் இரண்டு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஓர் இடம் இல்லை. ஹாம்பர்க் மருத்துவர் விடுகின்ட் லென்ஸ் தாய்மார்களைத் தேடிப் போய் விசாரித்தார். 1961 நவம்பரில் இந்த மாத்திரைதான் காரணமாக இருக்கும் என்று எச்சரித்தார். அடுத்த மாதம் ஆஸ்திரேலியாவின் வில்லியம் மெக்பிரைட், இப்படிப்பட்ட குழந்தைகளை வேறு யாராவது பார்த்ததுண்டா என்று 'லான்செட்' இதழில் கேட்டார். உலகெங்கும் பாதிக்கப்பட்ட குழந்தைகள் மொத்தம் 10,000-க்கும் மேல்.

அந்தக் கேள்விக்குப் பதில் வந்து சேர ஒரு நிரந்தர முகவரி வேண்டும் என்று பிரிட்டன் உணர்ந்தது. டெரிக் டன்லப் தலைமையிலான குழு 1964-இல், மருந்தால் நேர்ந்த தீங்கை எழுதி அனுப்ப மருத்துவர்களுக்கு மஞ்சள் அட்டையை அனுப்பியது. நிரூபிக்க வேண்டாம், சந்தேகம் போதும் என்பதே அதன் உயிர்.

1968-இல் உலக சுகாதார நிறுவனம் இத்தகைய தகவல்களைச் சேர்த்துப் பார்க்க 10 நாடுகளை இணைத்தது. இந்தியா 1998-இல் சேர்ந்தது. 2010 ஜூலையில் நம் தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது. மறு ஆண்டு முதல் அதன் தலைமையிடம் காசியாபாத். அங்கே சேர்ந்த தகவல்களை வைத்துத்தான் 2023 நவம்பரில், மாதவிடாய் வலிக்குப் பலரும் போடும் மெஃபனமிக் அமிலம் அரிதாகக் கடும் ஒவ்வாமையைத் தரலாம் என்ற எச்சரிக்கை வந்தது.

மருந்தியல் மாணவர்கள் பலர் உறுதியாகத் தெரிந்தால்தான் எழுதலாம், மருத்துவர்தான் அனுப்ப வேண்டும் என்று நினைக்கிறார்கள். இரண்டும் தவறு. சில ஆயிரம் பேரிடம் சோதித்த மருந்தின் அரிய தீங்கு, லட்சம் பேர் சாப்பிடும்போதுதான் தெரியவரும். நோயாளி பெயரின் முதலெழுத்துகள், சந்தேக மருந்து, நேர்ந்தது என்ன, எப்போது, எழுதுபவர் யார் போன்ற சில விவரங்கள் இருந்தால் மருந்தாளுநரே அனுப்பலாம்.

கொடைக்கானல் மலையில், அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கும் அட்டுவம்பட்டியில் ஒரு மாணவி வலி மாத்திரை போட்டு, உடம்பெல்லாம் தடித்துக் காய்ச்சல் வந்தால், முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். பிறகு 1800-180-3024 என்ற இலவச எண்ணில் அவளே சொல்லலாம். நோயாளிகளுக்கான படிவம் தமிழிலேயே இருக்கிறது. ஆனால் இதை அவளுக்கு யார் சொல்வது? மாத்திரையை எண்ணிக் கொடுப்பதோடு மருந்தாளுநரின் வேலை முடிவதில்லை. சாப்பிட்ட பிறகு உடம்புக்கு என்ன செய்தது என்று கேட்பதும், கேட்டதை எழுதி அனுப்புவதும் அந்த வேலைதான். மாணவர்கள் முதல் ஆண்டிலேயே அதைக் கற்க வேண்டும்.